முதலமடையில் பார்த்த நாலு நிமிஷம்

எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி ஒரு படம் பார்க்க மலையிறங்கிப் போகிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என் மகனுக்கு மட்டும் தெரியும். சித்திரபுரத்தில் அவனோடுதான் இருக்கிறேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். விடிகிற நேரத்தில் மூணாறில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, "கண்ட தண்ணியக் குடிக்காத, தூங்கி எறங்க மறந்துறாத," என்று சொல்லிவிட்டு அவன் சவாரிக்குப் போய்விட்டான்.

நான் பார்க்கப் போனது என் மூத்த மகள் பூரணத்தை. ஒன்பது வயதில் செத்துப் போன பிள்ளை. மகன் பிறந்தது அவள் போன பிறகு. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. தீபாவளிக்குப் புதுப்பாவாடை கட்டி மூணாறு ஸ்டுடியோவில் எடுக்கலாம் என்றிருந்தோம். தீபாவளிக்கு முன்னால் ஆடி மழை வந்தது, காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் முடிந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது கண்ணை மூடினால் பிள்ளை நிற்பது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்து முளைக்காமல் இருந்தது. அது வலது பக்கமா இடது பக்கமா என்று எனக்கு நினைவில்லை. பெற்றவளுக்கு இது தெரியாமல் போகலாமா?

மூன்று மாதத்துக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து கோமதி டீச்சர் என்று ஒரு அம்மாள் எங்கள் பக்கம் வந்தார். ஐம்பது வயது இருக்கும், காலேஜில் பாடம் நடத்துகிறவர். அந்தக் காலத்தில் நாங்கள் வேலை செய்த தேயிலை எஸ்டேட்டில் மழை மாதம் முழுக்கத் தங்கி ஒரு மலையாள டைரக்டர் படம் பிடித்தார். அவர் எடுத்த படங்களை எல்லாம் ஆராய்ச்சி செய்து டீச்சர் புத்தகம் எழுதுகிறாராம். கொழுந்து கிள்ளுகிற பெண்களின் படங்களைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து, லயம் லயமாக, வரிசை வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி, "இதில் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். எல்லாம் பின்பக்கத்திலிருந்து எடுத்தவை. முதுகைப் பார்த்து ஆளை எப்படிச் சொல்வது என்று லயத்துச் சின்னப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது நான் அந்தத் தாள்களைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் படத்துல ஒரு சின்னப் புள்ள வருமே," என்று கேட்டேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருவா. நாலு நிமிஷம் வருவா. அந்தப் படத்துக்கே அவதான் உயிர், கேட்டேளா. உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"எம் மக."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலமடையில் ஒரு மாந்தோப்பில் மூன்று நாள் முகாம் நடக்கப் போகிறது, அந்த டைரக்டரின் படங்களைப் போட்டுப் பேசுவார்கள், கடைசி நாள் அவரே வருவார், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார். முகம் தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. படித்தவர் முன்னால் அப்படிக் கேட்க வெட்கமாக இருந்தது. நாலு நிமிஷம் ஒரு பிள்ளை படத்தில் இருந்தால் முகம் தெரியாமலா போகும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பஸ்ஸிலேயே போய்விட்டது. மறையூரில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு மூட்டை சர்க்கரை உருண்டை. மறையூர்க் கரும்பு வெல்லத்தின் வாசனை பஸ் முழுக்கப் பரவியது. சின்னாறு காட்டுக்குள் வந்ததும் பின்சக்கரம் பஞ்சராகி வண்டி நின்றது.

"யாரும் எறங்கக் கூடாது. காலையில ஒத்தக்கொம்பன் யானை இந்த வளைவுலதான் நின்னுச்சாம்," என்றார் கண்டக்டர். ஒன்றுக்குப் போக இறங்கிய ஒருவர் பாதியிலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

டிரைவர் சக்கரம் மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரம் பக்கத்து அம்மாள் சும்மா இருப்பாளா?

"எங்கிட்டு ஆத்தா, தூரமா?"

"பொள்ளாச்சிப் பக்கம்."

"என்ன விசேசம்?"

படம் பார்க்க என்று சொல்ல நாக்கு வரவில்லை. "கல்யாணம்," என்றேன்.

"யாருக்கு?"

"தெரிஞ்சவுக மகளுக்கு."

"மாப்பிள்ள என்ன செய்றாரு?"

"வாத்தியாரு."

"பொண்ணு நெறமா?"

"மாநிறம்."

"சாப்பாடு மண்டபத்துலயா, வீட்லயா?"

"தெரியல."

"மாப்பிள்ள வாத்தியாருன்னு தெரியுது, சோறு எங்கன்னு தெரியல! நீங்கள்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போறீக," என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். அப்புறம் ஒரு சர்க்கரை உருண்டையை என் கையில் வைத்து, "பொண்ணுக்குக் குடுங்க, நல்லா இருக்கட்டும்," என்றாள். வாங்கிக்கொள்ளக் கூசியது. இறங்கும் முன் வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

மலையிலிருந்து இறங்கியதும் வெயில் முகத்தில் அடுப்பு மாதிரி வீசியது. எங்கள் ஊரில் ஜனவரி என்றால் மதியமும் போர்த்திக்கொண்டுதான் உட்காருவோம். இங்கே மண்ணும் காய்ந்து மரமும் காய்ந்து, மாமரம் மட்டும் பச்சையாகக் கிடக்கிறது. கேரளத்தில் கிளம்பி, தமிழ்நாட்டில் இரண்டு பஸ் மாறி, கோவிந்தாபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் காலை வைத்தேன். டீச்சர் ஸ்கூட்டரோடு நின்றார்.

"சிரமப்பட்டேளா பேச்சியம்மா? ஏறிக்கோங்கோ."

வாழ்நாளில் நான் இரண்டு சக்கரத்தில் ஏறியதில்லை. ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ரோடு முழுக்க மாங்காய் லாரி. ஒன்றுக்கு வழிவிட ஒதுங்கியதில் சக்கரம் மணலில் புதைந்து, இரண்டு பேரும் அப்படியே மெல்லச் சாய்ந்து விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. லாரி ஏற்றுகிற ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

"ஏனுங்கம்மா, ரேசு உடறதுன்னா முன்னாடியே சொல்றதில்லீங்களா? நாங்களும் வந்து கை தட்டியிருப்பமுல்ல," என்றார் ஒருவர்.

டீச்சர் புடவையைத் தட்டிக்கொண்டே, "அடுத்த தடவை நோட்டீஸ் அடிச்சு ஒட்டறேன்," என்றார். நானும் சிரித்தேன். இந்தப் பயணத்தில் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தது தோட்டக்காரர் வீட்டில். வீட்டுக்காரி பேர் தெய்வானை, என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். முகாமுக்கு வந்த பிள்ளைகள் முப்பது பேர் தோப்புக்குள் கூடாரம் போட்டிருந்தார்கள். இரவுச் சாப்பாடு அரிசியும் பருப்பும் சேர்த்து வேக வைத்த சோறு, மேலே நெய். எங்கள் பக்கம் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்று பழகிய நாக்குக்கு அது குழந்தைக்கு ஊட்டுகிற சோறு மாதிரி இருந்தது. ஆனாலும் இரண்டு தடவை வாங்கினேன்.

"நீங்களும் படம் பாக்கத்தான் வந்தீங்களாக்கா?" என்று தெய்வானை கேட்டாள். "நானும் இன்னைக்கு ஒண்ணு போயிப் பாத்தனுங். ஒருத்தன் கேட்டைத் தொறந்தான். அப்பறம் சாத்துனான். அதுக்குள்ள எங்கூட்டு மாடு கன்னு போட்டிருக்கும். இதப் பாத்துப்போட்டு அந்தப் புள்ளைக கண்ணத் தொடைக்குதுங்க."

இரண்டாம் நாள் காலையில் நானும் போய்ப் பார்த்தேன். மாங்காய் தரம் பிரிக்கிற தகர ஷெட். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, முன்னால் வெள்ளைத் துணி. உள்ளே வைக்கோல் வாசனையும் வேக்காடும். அன்றைய படம் தெய்வானை சொன்ன அதே படம்தான், பேசுவதற்காக மறுபடி போட்டார்கள். ஒரு அணைக்கட்டுக் காவல்காரர். அவருக்கு அன்று வேலையில் கடைசி நாள். காலையிலிருந்து சாயந்திரம் வரை அவர் செய்கிறதெல்லாம் காட்டுகிறார்கள். மாட்டுப்பட்டி அணையில் எனக்குத் தெரிந்த காவல்காரர் ஒருவர் இருந்தார், அவர் வாயை மூடி நான் பார்த்ததில்லை. படத்துக் காவல்காரர் வாயே திறக்கவில்லை. கடைசியில் மாலை போடுகிறார்கள். மாலை விழுந்த பிடரிதான் தெரிகிறது. அவர் போய்விடுகிறார். போன பிறகும் படம் அங்கேயே நிற்கிறது. காலி நாற்காலி, ஒரு டம்ளர், காற்று.

விளக்கைப் போட்டதும் டீச்சர் கரும்பலகையில் எழுதிப் பேசினார். மலையாளம்தான், எனக்குப் புரியும். இந்த டைரக்டர் மனிதர்களை முகத்தால் காட்டுவதில்லை, முதுகாலும் நடையாலும் கையாலும் காட்டுகிறார் என்றார். முகத்தைக் காட்டினால் பார்க்கிறவர்கள் சட்டென்று இரக்கப்பட்டுவிட்டு மறந்துவிடுவார்கள் என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னாராம். தாடி வைத்த ஒரு பிள்ளை எழுந்து, "பதினோரு படத்தில் ஒரு முகம்கூட இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் துணிச்சல் கிடையாது," என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒரு முகம்கூட இல்லையா? டீச்சரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை எழுந்தேன். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நிற்க என்னால் ஆகவில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி பானைப் பக்கம் போய்விட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் தெய்வானை வீட்டுப் பின்கட்டில் கிளிமூக்கு மாங்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஊறுகாய்க்கு. நானும் ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கை வேலையாக இருந்தால் எனக்குப் பேச்சு வரும். டீச்சரிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

படப்பிடிப்பு பார்க்கப் பூரணம் தினமும் ஓடுவாள். ஒரு நாள் டைரக்டர் அவளைக் கூப்பிட்டு, தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் பனிக்குள் நடந்து போகச் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். நான் கூடையோடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். பத்தடி போனாள், திரும்பி என்னைப் பார்த்தாள். நிறுத்தினார்கள். மறுபடி போனாள், திரும்பினாள். மூன்றாம் தடவையும் அப்படியே. டைரக்டர் சத்தம் போடவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆள் ஒருவர் என்னிடம் வந்து, "பிலிம் கொஞ்சம்தான் இருக்கு. உங்க பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்க," என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகி, "இனி திரும்பினேன்னா அம்மா இங்க நிக்க மாட்டேன், போயிருவேன்," என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

"போனாளுங்களா?" என்றாள் தெய்வானை.

"போனா. பாதி தூரம் போறதுக்குள்ள கீழ கொழுந்து எடைக்கு விசில் ஊதிட்டாக. நேரத்துக்குப் போகலைன்னா கங்காணி கத்துவான். அவதான் திரும்ப மாட்டாளே, நாம போறது எங்க தெரியப் போகுதுன்னு நான் எறங்கிப் போயிட்டேன்."

தெய்வானையின் கை நின்றது. "வேலைக்குப் போனவிங்க வேற என்னத்தப் பண்றது," என்றாள். "அப்ப படத்துல மூஞ்சி வராதுங்களா?"

"முன்னாடி மூணு தடவ திரும்புனாளே. அதுல ஒண்ணையாச்சும் வச்சிருப்பாகளோ என்னமோ."

"வச்சிருப்பாங்கக்கா. அத்தன கல்லு மனசாவா இருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் உப்பு எடுக்க எழுந்து போனாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை. அவளும்தான் அந்தக் காவல்காரர் படத்தைப் பார்த்தவளாயிற்றே.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு எங்கள் படம். டீச்சர் என்னை முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கறுப்பு வெள்ளை. தொடங்கியதும் மழைச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கால் விரல் மரத்த மாதிரி ஆனது. பிறகு மலைச்சரிவு, நிரையாகக் கொழுந்து கிள்ளுகிற பெண்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நெற்றிக் கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"மல்லிகா," என்றேன் என்னையறியாமல்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "எது?"

"எடது ஓரம். சாக்கை ரெண்டு சுத்துச் சுத்தி முடிச்சு முன்னால போடுவா. அடுத்தது சண்முகத்தாயி, வலது கை சொணங்கும். அதுக்கு மேல நிக்கிறது ராஜாமணி. மாசமா இருந்தா அப்ப, காலை அகட்டி வச்சிருக்கா பாருங்க."

டீச்சர் படத்தை நிறுத்தச் சொன்னார். நிரையில் நிற்கிறவளுக்கு முன்னால் போகிறவளின் முதுகுதானே நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருக்கும்? நாங்கள் ஒருத்தியை ஒருத்தி முகத்தைப் பார்ப்பது கஞ்சி குடிக்கிற நேரத்தில் மட்டும். ஒன்பது பேரையும் பேர் சொன்னேன். இருட்டுக்குள் பின்னாலிருந்து பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

படம் மறுபடி ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து அந்த ஒற்றையடிப் பாதை வந்தது.

பூரணம் நடக்கிறாள். என்னுடைய ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறாள், கை நீளமாகத் தொங்குகிறது. அது பச்சை என்று அந்த ஷெட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரட்டைச் சடை. இடது சடை அவிழ்ந்திருக்கிறது, காலையில் அவசரத்தில் பின்னினேன். காலில் செருப்பில்லை. அட்டை ஏறும் என்று கால் விரலை மடித்து மடித்து வைக்கிறாள். தேயிலையை ஒரு கையால் தடவிக்கொண்டே போகிறாள். ஒரு இடத்தில் நின்று குனிந்து எதையோ எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுகிறாள். மறுபடி நடக்கிறாள். பனி அவளைக் கொஞ்சம் மறைக்கிறது, மறுபடி விடுகிறது. இந்தத் தடவை, இந்தத் தடவை என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தேன். தான் சொன்ன பேச்சைத் தன் பிள்ளை கேட்கக் கூடாது என்று ஒரு தாய் சாமியைக் கும்பிட்டது உண்டா? நான் கும்பிட்டேன்.

படம் வேறு ஒரு வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

நான் எழுந்து தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு மாமரத்தடியில் கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார்ந்தேன். படம் முடிந்த பிறகு உள்ளே பிள்ளைகள் பேசுகிற குரல் கேட்டது. "அந்தக் குழந்தை நம்மைப் புறக்கணிக்கிறது." "அது அரசியல்." "வருங்காலம் நமக்கு முகம் காட்ட மறுக்கிறது." நல்ல பிள்ளைகள்தான். காலையில் எனக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான்.

டீச்சர் என்னைத் தேடி வந்தார். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பிடிச்சுதா?"

"மூஞ்சி வரலையே டீச்சர்."

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. முகம் பார்க்கவா வந்தேள்? நான் சொல்லலையே. அவர் படத்தில் முகம் வராதுன்னு எங்களுக்கெல்லாம் அது... சொல்லணும்னே தோணலையே எனக்கு. இருபது வருஷமா இதையே படிச்சுண்டிருக்கேன் பாருங்கோ."

"நாந்தான் கேட்டிருக்கணும்."

அவர் என்னைச் சமாதானம் பண்ணவில்லை, அது நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "கடைசியில ஒரு துளி இருக்கு," என்றார். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். அதைப் பத்தித்தான் நான் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கேன். நிறுத்தி நிறுத்திக் காட்டறேன், பார்க்கறேளா?"

அவர் லேப்டாப்பை எடுத்து வருவதற்குள் கார் வந்துவிட்டது. டைரக்டர் இறங்கினார். அன்று கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கறுத்த முடிக்காரர், இப்போது ஊன்றுகோலோடு வற்றிப் போய் இருந்தார். டீச்சர் அவர் காதோரம் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் கூச்சக்காரர்தான் போலிருக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்து எங்களோடு மரத்தடியிலேயே உட்கார்ந்தார்.

மாங்காய்ப் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, வெயில் படாமல் டீச்சர் தன் முந்தானையால் மறைத்துக்கொண்டார். பனிக்குள் சின்னதாகப் பூரணம். டீச்சர் ஒரு பட்டனைத் தட்டினார். அவள் ஒரு நூல் அசைந்தாள். மறுபடி தட்டினார். சடை அசைந்தது. மறுபடி. கழுத்து. மறுபடி. காது தெரிந்தது, காதில் செருகிய வேப்பங்குச்சி தெரிந்தது. காது குத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுபடி. கன்னத்தின் ஓரம். மறுபடி. இமை முடி, மயிரிழை மாதிரி. மறுபடி தட்டியபோது அடுப்படி வந்துவிட்டது.

"அவ்வளவுதான்," என்றார் டீச்சர்.

"இன்னொரு தடவை."

காட்டினார். ஐந்து தடவை காட்டினார். மூக்கு வரவில்லை. வாய் வரவில்லை.

டீச்சர் டைரக்டர் பக்கம் திரும்பினார். "சார், அவ திரும்ப ஆரம்பிக்கற அந்த நொடியில் ஏன் வெட்டினேள்? எல்லாரும் அதைத்தான் கேக்கறா."

அவர் மலையாளத்தில் சொன்னார்: "வெட்டவில்லை. கேமராவில் பிலிம் தீர்ந்துவிட்டது."

மறைத்துப் பிடித்திருந்த முந்தானையை டீச்சர் விட்டுவிட்டார். "ஒரு அத்தியாயம் சார். நாற்பது பக்கம்."

"படித்தேன். நன்றாக இருந்தது. மாற்ற வேண்டாம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. டீச்சர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

மூன்று நாளில் நான் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்போது கேட்டேன். "சார், பிலிம் தீந்த பெறகு எம் புள்ள என்ன செஞ்சா? முழுசாத் திரும்புனாளா?"

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது எனக்கே தெரிந்தது.

"ஞாபகமில்லை," என்றார். "கேமராக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. திரும்பியிருப்பாள். அந்தக் கழுத்து போன போக்குக்கு முழுசாகத்தான் திரும்பியிருப்பாள். திரும்பிய இடத்தில் மூன்று கால் வைத்த கேமரா இருந்திருக்கும், சண்டை போடுகிற ஆம்பளைகள் இருந்திருப்பார்கள்.

போகும் முன் அவர் கோலை ஊன்றி எழுந்து நின்றுகொண்டு கேட்டார்: "அன்று உங்களிடம் வந்து அந்தக் குழந்தை ஏதாவது சொன்னதா?"

"ஒண்ணும் சொல்லல சார்," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனார். உள்ளே கைதட்டல் கேட்டது. டீச்சரும் பின்னால் போனார்.

சொன்னாள். அன்று எடை போடுகிற இடத்தில் வரிசை கலைந்து கொண்டிருந்தது. படக்காரர்கள் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஏட்டி, திரும்பிப் பாத்தியா?" என்று கேட்டேன். "இல்லம்மா, நீ சொன்ன மாதிரி நேராவே போனேன்," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நீ அங்கனயேதான நின்ன?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கூடையை அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன், லயத்துக்கு நடந்தோம்.